பேரும் ஊரும்: ஒரு சிலந்தியின் வரலாறு

கனடா நாட்டிலே குடியிருக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். நலம் விசாரித்து எழுதிய நாலு வரிக்குப் பின்னே அவர் கேட்டிருந்த கேள்வி, முப்பது ஆண்டுகளாக நன்னூலும் நைடதமும் படிப்பித்து வந்த எனக்குச் சற்றும் எதிர்பாராத கேள்வியாய் இருந்தது.

"பண்டிதர் ஐயா, என் மகன் கண்ணாடிப் பெட்டியொன்றிலே பெருஞ்சிலந்தி ஒன்றை வளர்க்கிறான். கைவிரல்களை விரித்து வைத்தாற்போன்ற அளவினது. கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த சீட்டிலே ஓர் இலத்தீன் பெயரும், அதன்கீழ் 'சிலோன்' என்ற ஒரு சொல்லும் மாத்திரம் உள்ளன. இது நம்முடைய நாட்டுச் சிலந்தியா, நம்முடையதாயின் எந்த ஊர், தமிழிலே இதற்கு என்ன பெயர் என்று பிள்ளை ஓயாமற் கேட்கிறான். எனக்கு விடை தெரியவில்லை. ஐயா அறிந்து எழுதுதல் வேண்டும்."

கடிதத்தோடு சில படங்களும் வந்திருந்தன. புதிய மனிதர் ஒருவரைக் கண்டால் நாம் முதலில் வினவுவன இரண்டு. ஒன்று பேர், மற்றையது ஊர். 'ஊர் பேர் தெரியாதவன்' என்பது நம் வழக்கிலே ஒருவனைப் பற்றிச் சொல்லக்கூடிய பெருங்குறை. அப்பிள்ளை ஒரு சிலந்தியைக் குறித்து அவ்விரண்டையுமே வினவியிருந்தான். விலங்கியல் என் துறையன்று. ஆயினும் விஞ்ஞான ஆசிரியராகிய நண்பர் ஒருவரின் துணையோடு தேடிப் பார்த்தபோது, இஃது இலக்கணமும் ஏட்டுச்சுவடியும் கற்றவனுக்கு முற்றிலும் அந்நியமான துறையன்று என்பது தெளிவாயிற்று. அவ்வாறு அறிந்தவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் எனக் கருதுகின்றேன்.

நாட்டிலே வழங்கும் பெயர்

சிலந்தி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வலை. திருக்காளத்தியிலே இறைவனுக்கு வலையாற் பந்தரிட்ட சிலந்தியையும், திருவானைக்காவிலே அவ்வண்ணமே பணிசெய்து மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்த சிலந்தியையும் அறியாத சைவப் பிள்ளைகள் இல்லை. ஆனால் கடிதத்திற் கண்ட சிலந்தி பந்தரிடும் இனத்தைச் சேர்ந்ததன்று. முதிய மரங்களின் பொந்துகளிலும் பட்டைகளின் வெடிப்புகளிலும் உறைவது. வலைவிரித்துக் காத்திராமல், இரவிலே பொந்தின் வாயிலில் அமர்ந்திருந்து, அணுகிய பூச்சிகளைப் பாய்ந்து பற்றுவது. தான் சுரக்கும் நூலை அது பெரும்பாலும் தன் உறையுளின் உட்புறத்துக்கே விரிப்பாக இடுகின்றது. தாயும் குஞ்சுகளும் சில காலம் ஒரே பொந்தில் ஒருங்கு வாழ்தலும் உண்டு. பெண் சிலந்தி பத்தாண்டுக்கு மேலும் உயிர்வாழ வல்லது. ஆணின் ஆயுளோ மூன்று நான்கு ஆண்டுகளே.

இதனை நம்மவர் புலிமுகச் சிலந்தி என்பர். சிங்கள மக்கள் 'திவி மக்குளுவா' என வழங்குவர். 'திவி' என்பது சிறுத்தையைக் குறிக்கும். இரு மொழியாளரும் இதன் வரியையும் பாய்ச்சலையும் கண்டு ஒரே உவமையை நாடியமை கருதத்தக்கது. இதன் கடியால் மனிதர் இறந்ததாக உறுதியான சான்று இல்லை. எனினும் கடுநோவும், சில நாள் நீடிக்கும் தசைப்பிடிப்பும் உண்டாகும் என மருத்துவர் எழுதியுள்ளனர். ஆதலின் அஞ்சிக் கொல்லுதலும் வேண்டா. துணிந்து தொடுதலும் வேண்டா.

நூலோர் இட்ட பெயர்

விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் முறை 1758 இல் வெளியான லின்னேயசின் நூற்பதிப்பிலிருந்து கணக்கிடப்படுகின்றது. சிலந்திகளுக்கு மாத்திரம் ஒரு விலக்கு உண்டு. சுவீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றிக் கிளார்க் என்பவர் 1757 இல் எழுதிய நூலே அவற்றின் பெயர்களுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படும். அம்முறைப்படி நம் புலிமுகச் சிலந்திகளின் பேரினத்துக்குப் 'பொயிசிலோதீரியா' என 1885 இற் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் சீமோன். கிரேக்க மொழியிலே 'பல்வண்ண விலங்கு' என்பது அதன் பொருள். இப்பேரினத்துச் சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழ்வதில்லை.

நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் பாகுபாட்டை இங்கே பொருத்திப் பார்த்தல் இன்பந் தரும். 1804 இல் இலங்கைச் சிலந்தியொன்றுக்கு இடப்பட்ட 'பாசியாற்றா' என்பது பட்டைக் கோடுகளை உடையது எனப் பொருள்படும். 'ஓர்ணாற்றா' என்பது அணி பூண்டது; 'சப்பசுக்கா' என்பது சற்றே கருமை வாய்ந்தது; 'றீகாலிசு' என்பது அரசத் தன்மையுடையது. இவையெல்லாம் காரணப் பெயர்கள். மனிதர் பெயராலும் இடத்தின் பெயராலும் வந்தனவும் உள. ஆயின் காரணமும் இடமும் ஒருங்கே ஆராய்ச்சிக்கு உள்ளான பெயர் ஒன்று உண்டு. அதன் வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

குத்தியிற் கண்ட நீலம்

ஆந்திர நாட்டிலே அனந்தப்பூர் மாவட்டத்தில் குத்தி என்றொரு பழைய கோட்டை நகர் உளது. ஆங்கிலேயர் அதனைக் 'கூற்றி' என எழுதினர். அவர்கள் காலத்தில் அஃது ஒரு புகையிரதச் சந்தியாய் விளங்கியது. அங்கே, புகையிரதப் பகுதியின் மரக்களஞ்சியத்திலே அகப்பட்ட ஒரு சிலந்தி இலண்டனுக்குச் சென்றது. பிரித்தானிய நூதனசாலையிற் பணியாற்றிய பொகொக் என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து, 1899 இல் 'மெற்றாலிக்கா' எனப் பெயரிட்டார். உலோகம் போல ஒளிர்வது என்பது அதன் பொருள். உயிருள்ள சிலந்தியின் நிறம் ஆழ்ந்த நீலம். கால்களின் இடையிடையே மஞ்சள் பொலியும். முதுகிலே வெண்ணிறக் கோலம் படரும்.

இந்நீலம் சாயத்தால் அமைந்ததன்று. மயிற்பீலியின் வண்ணம் எவ்வாறு பீலியின் நுண்ணமைப்பிலே ஒளி பட்டுச் சிதறுதலாற் பிறக்கின்றதோ, அவ்வாறே இச்சிலந்தியின் நீலமும் அதன் மயிர்களின் மிக நுண்ணிய அமைப்பினாற் பிறக்கின்றது. சாயமாயின் எங்கும் ஒரே காரணம் கற்பிக்கலாம். பெருஞ்சிலந்திகளிலோ நீலம் வெவ்வேறு கிளைகளிலே, வெவ்வேறு நுண்ணமைப்புகளால், பலமுறை தோன்றியுள்ளதென 2015 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

பொகொக் பெயரிட்ட பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அச்சிலந்தி எவர் கண்ணுக்கும் படவில்லை. குத்தியைச் சூழ்ந்த நிலம் வறண்ட கற்பாறை நிலம். மரப்பொந்திலே வாழும் ஓர் உயிர் அங்கே எங்ஙனம் வாழ்ந்தது என்னும் ஐயம் எழுந்தது. ஐயம் நீங்கியது 2001 இல். நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டிலே, குத்தியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு அப்பால், நீலச் சிலந்தி உயிரோடு காணப்பட்டது. காட்டிலே வெட்டிய மரத்தின் பொந்திற் பதுங்கியிருந்த சிலந்தி, மரத்தோடு புகையிரதமேறிக் குத்திக் களஞ்சியத்தில் வந்து இறங்கிற்றுப் போலும் என்பது அறிஞர் கருத்து.

இங்கே நாம் நின்று சிந்திக்கத்தக்க பொருள் ஒன்று உளது. 1899 இற் குறித்த பேர் சரியான பேர். குறித்த ஊரோ அதன் ஊரன்று. அது வழிப்போக்கனாய்த் தங்கிய சத்திரம். இன்றும் உலகெங்கும் அச்சிலந்தி அச்சத்திரத்தின் பெயராலேயே 'கூற்றிச் சிலந்தி' என விற்கப்படுகின்றது. மெய்யான ஊரை அறியாமையால் நேர்ந்த கேடு யாது? ஊர் அறியாத உயிரைக் காப்பாற்றுதல் இயலாது என்பதே அது. எக்காட்டைக் காத்தல் வேண்டும் என்று அறிந்தாலன்றோ எம்மரத்தை வெட்டற்க என்று ஆணையிட முடியும்?

2008 இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இச்சிலந்தியை மிக இடருற்ற உயிர்களின் வரிசையிற் சேர்த்தது. அப்போது அறியப்பட்டிருந்த இதன் வாழிடம் 100 சதுரக் கிலோமீற்றருக்கும் குறைவு. விறகுக்கும் மரத்துக்குமாகக் காடு வெட்டப்பட்டு வந்தமையே முதற் காரணம். தமிழ்நாட்டிலே செஞ்சியை அடுத்த பக்கமலைக் காட்டிலும் இது காணப்பட்டதாக 2020 இற் செய்தித்தாள்கள் எழுதின. இதற்கிடையில், மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே இச்சிலந்தி ஐரோப்பிய அமெரிக்க வளர்ப்போரின் கைக்குச் சென்று, கண்ணாடிப் பெட்டிகளிலே பெருகிவிட்டது. நந்தியால் என்ற பெயரையே கேட்டறியாத நாடுகளிலெல்லாம் அதனை விலைக்கு வாங்கலாம். தன் காட்டிலே அருகியும் பிறர் வீட்டிலே பெருகியும் வாழ்தல் அதன் விதியாயிற்று.

இராமேசுவரமும் மன்னாரும்

நமக்கு மிக அணித்தான எடுத்துக்காட்டுகளும் உள. இராமேசுவரத் தீவிலே, அனுமன் கோயிலொன்றின் பெயரைத் தாங்கி, 'அனுமவிலாசுமிக்கா' என்னும் சிலந்தி 2004 இற் பெயர் பெற்றது. அத்தீவையும் அதனை அடுத்த கரையையும் அன்றி வேறு வாழிடம் இதற்கு இல்லையென்றே கருதப்பட்டு வந்தது. பின்னர் 2015 இல் நம் நாட்டு ஆய்வாளர் அதனை மன்னார் மாவட்டத்திற் கண்டு வெளியிட்டனர்.

அனுமன் கடலைத் தாவிக் கடந்தான் என்பது காவியம். அவன் பெயர் பூண்ட சிலந்தி எங்ஙனம் கடந்தது? தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமுடையது. பல இடங்களிலே மிக ஆழங் குறைந்தது. பனியூழிக் காலங்களிற் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இவ்விரு நிலமும் தரையால் இணைந்திருந்தன என்பது புவியியலார் துணிபு. அத்தரைவழி பரவியிருந்த உயிர்கள் கடல் உயர்ந்தபின் இருபுறத்தும் பிரிந்து நின்றிருத்தல் கூடும். எவ்வாறாயினும், ஒரு தீவுக்கே உரியதென எழுதப்பட்ட ஊர்ப்பெயர், பதினோராண்டில் இரு நாட்டுக்கும் பொதுவாயிற்று.

மாங்குளத்துச் செய்தி இதனினும் உருக்கமானது. 2009 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், போர் முடிந்து சில மாதங்களே கழிந்திருந்த வேளையில், மாங்குளப் பகுதியிலே ஊரவர் ஒருவர் இறந்த ஆண் சிலந்தி ஒன்றை ஆய்வாளரிடம் கொண்டுவந்து கொடுத்தார். அது முன்னறிந்த இனமெதனோடும் ஒத்திருக்கவில்லை. தேடிச் சென்றபோது பெண்ணும் குஞ்சும் அகப்பட்டன. அவற்றுட் சில அகப்பட்டது பழைய வைத்தியசாலையின் வைத்தியர் விடுதியிலே. கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அளவுடைய அச்சிலந்திக்கு, ஆய்வாளருக்கு வழித்துணையாயிருந்து உதவிய பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் பெயரால் 'ராஜாயி' என 2012 இற் பெயர் சூட்டினர்.

காட்டுச் சிலந்தி வைத்தியர் விடுதிக்கு ஏன் வந்தது? அது வேண்டுவது முதிர்ந்த மரத்தின் பொந்து. பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கிய வன்னிக் காட்டிலே பொந்து உண்டாதற்கு மரம் பல தசாப்தங்கள் நின்று முதிர்தல் வேண்டும். இன்று நட்ட கன்று நாளை நிழல் தரும், பொந்து தராது. முதுமரம் வீழ்ந்தவிடத்து, வெடித்த சுவரும் இருண்ட மூலையுமே அச்சிலந்திக்கு மரமாயின. அக்காலத்தில் அவ்வூர் மக்களும் தம் வீட்டை விட்டுப் பிறிதிடத்தில் ஒதுங்கியிருந்தவர்களே என்பதை நாம் மறந்துவிடவில்லை.

இனம் காணும் முறை

இனி, கடிதத்துக்கு வருவோம். சீட்டிலே எழுதியிருந்த பெயர் 'பெடெர்செனி'. படத்தைக் கண்ட நண்பர் முதற்கண் கூறியது, "முதுகைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்" என்பதே. இப்பேரினத்துச் சிலந்திகளின் முதுகுக் கோலங்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. இனத்தைப் பிரித்துக் காட்டுவன கால்களின் அடிப்புறத்து வரிகள். சிறப்பாக முதலாம் நான்காம் இணைக் கால்களின் அடிப்புறம். வெருண்ட சிலந்தி முன்னங்கால்களை உயர்த்தும்போது ஒளிரும் மஞ்சளும் கருமையும் அங்கேதான் உள்ளன. ஆதலின் வளர்ப்போர் சிலந்தியைக் கையில் எடாமல், ஒளிபுகும் பெட்டியில் விட்டுக் கீழிருந்து படம் எடுப்பர். அதனினும் உறுதியானது சிலந்தி கழற்றும் சட்டை. பாம்பு போலச் சிலந்தியும் வளருந்தோறும் சட்டை உரிக்கும். பெண்ணின் சட்டையை நீரில் நனைத்து விரித்து உருப்பெருக்கியால் நோக்கினால், வித்தைச் சேமிக்கும் உள்ளுறுப்பின் வடிவமும் அதிற் புலனாகும். உயிருக்கு ஊறின்றி ஆணா பெண்ணா என்று அறிய இதுவே வழி. இனத்தை ஆராய்வோர்க்கும் அது துணை.

அடிப்புறப் படங்களையும் சட்டையின் படங்களையும் வருவித்துப் பார்த்தோம். அப்போதுதான் பெயரைப் பற்றிய உண்மை வெளிப்பட்டது. 'பெடெர்செனி' என்பது 2001 இல் இடப்பட்ட பெயர். பின்னர் அறிஞர் நூதனசாலையிலுள்ள பழைய மூலப்படிகளை எடுத்து ஒப்பிட்டபோது, அச்சிலந்தியும் 1895 இற் பொகொக் 'விற்றாற்றா' எனப் பெயரிட்ட சிலந்தியும் ஒன்றே எனத் துணிந்தனர். ஓருயிருக்கு இருபெயர் நேருமிடத்து முற்பட்ட பெயரே நிற்கும் என்பது விலங்கியலார் விதி. ஆகவே பிற்பட்ட பெயர் ஒழிந்தது. கடைச் சீட்டுகளிலே மாத்திரம் அஃது இன்னும் ஒழியவில்லை.

இம்முறை நமக்குப் புதியதா? ஒரு நூலின் மெய்யான பாடம் யாதென ஐயம் எழுந்தால், பிற்காலத்து அச்சுப் பிரதியை நம்பி அமையாமல் மூல ஏட்டைத் தேடிச் செல்கிறோம். கலித்தொகையை 1887 இற் பதிப்பித்த நம் சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி உழைத்த உழைப்பும், நூதனசாலையின் பழைய சிலந்திகளை ஒப்புநோக்குவார் உழைப்பும் ஒரு வழிப்பட்டனவே. ஏட்டுக்கும் ஒரு பெருங்குறை உண்டு. எங்கே எவர் எழுதியது என்ற குறிப்பு இல்லாத ஏடு பாதி மதிப்பை இழக்கும். சிலந்திக்கும் அஃதே.

'விற்றாற்றா' இலங்கையின் உலர்ந்த வலயக் காடுகளுக்குரியது. ஈரவலயத் தாழ்நிலத்துக்கு 'ஓர்ணாற்றா'வும், குளிர்ந்த மலைநாட்டுக்குச் 'சப்பசுக்கா'வும் உரியன. ஒரு சிறு தீவினுள்ளேயே மழையும் உயரமும் வேறுபடுந்தோறும் இனம் வேறுபடுகின்றது. 'சிலோன்' என்ற ஒரு சொல்லால் இவற்றையெல்லாம் அடக்குதல், 'தமிழ்நூல்' என்ற ஒரு சீட்டைத் தொல்காப்பியத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் ஒட்டுதல் போல்வதாம். சீட்டை நம்பி வெவ்வேறு இனத்து ஆணையும் பெண்ணையும் ஒரு பெட்டியிற் சேர்த்தால் கலப்பினம் பிறத்தலும் உண்டு. அக்குஞ்சுகளுக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை.

வாணிபமும் காவலும்

2018 இல் அமெரிக்க அரசாங்கம் பாசியாற்றா, ஓர்ணாற்றா, சிமிதி, சப்பசுக்கா, விற்றாற்றா என்னும் இலங்கைச் சிலந்தி ஐந்தனையும் தன் இடருற்ற உயிர்களின் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அதன்பின், அருகிவரும் உயிரினங்களின் சருவதேச வாணிபம் பற்றிய உடன்படிக்கை நாடுகளின் மாநாடு 2019 மே மாதத்திற் கொழும்பிலே கூடுவதாக இருந்தது. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிற்றிலே நிகழ்ந்த கொடுஞ்செயலால் அது தள்ளிவைக்கப்பட்டு, ஓகத்து மாதத்தில் ஜெனீவா நகரிற் கூடிற்று. புலிமுகச் சிலந்திப் பேரினம் முழுவதும், இலங்கையும் அமெரிக்காவும் கொண்டுவந்த பிரேரணையின்படி, அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலே சேர்க்கப்பட்டது. அது முற்றான தடையன்று. நாடுவிட்டு நாடு செல்லும் சிலந்திக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதே அதன் பொருள்.

சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே. பெட்டியிலே பிறந்து பெட்டியிலே வளர்ந்த சிலந்தியைக் கடையில் வாங்குவோனால் இன்று காட்டுக்கு நேரே ஊறு இல்லையென வாதிப்பர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெட்டியில் ஆயிரம் இருப்பதால் காட்டில் ஒன்றும் இல்லாமற் போதல் ஈடாகாது. எக்காட்டினது என்று அறியாத சிலந்தியை அக்காட்டுக்கு மீட்டு விடுதலும் ஆகாது. தவறான இடத்தில் விடப்படுவது தானும் வாழாது, அல்லது அங்குள்ள இனத்தோடு கலந்து அதனையும் கெடுக்கும்.

நான் என் மாணாக்கருக்கு எழுதிய மறுமொழி இது. "தம்பி, உன் மகனுடைய சிலந்தியின் பேர் பெரும்பாலும் 'விற்றாற்றா'. படத்தைக் கொண்டு சொல்வதாதலின் முற்றத் துணிந்து சொல்லேன். தமிழிலே புலிமுகச் சிலந்தி என்று அவன் அழைக்கட்டும். அதன் முன்னோர் நம் நாட்டு உலர்ந்த காட்டிலே முதுமரப் பொந்தில் வாழ்ந்தவர்கள். எந்த ஊர்க் காடு என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. இனி அறியவும் வழியில்லை. அது பத்தாண்டும் வாழக்கூடும். வாங்கியவன் அதுவரை பேணுதல் வேண்டும். வெளியிலே விட்டுவிடலாகாது. ஒழிந்த பெயரை வெட்டிவிட்டுச் சரியான பெயரைச் சீட்டில் எழுதச் சொல்."

பத்து நாட் கழித்துப் பிள்ளையே மறுமொழி எழுதியிருந்தான். தமிழிலேதான், சில எழுத்துப் பிழைகளோடு. புதிய சீட்டின் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். அதிலே இலத்தீன் பெயருக்குக் கீழே தமிழ்ப் பெயரும், அதன்கீழ் 'ஊர்' என்று எழுதி ஒரு கோடும் இருந்தன. கோட்டின்மேல் ஒன்றும் எழுதவில்லை. அறியாததை அறியாததாகவே விட்ட அந்நேர்மை எனக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மாணாக்கருள் ஒருவன் பாழடைந்த வீட்டிலோ முதிய புளியின் பொந்திலோ இத்தகைய சிலந்தியைக் கண்டு வந்து சொன்னால், தும்புத்தடியை எடுக்க வேண்டாம். பிடித்துப் போத்தலில் அடைக்கவும் வேண்டாம். தள்ளி நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த மரம், எந்த நாள் என மூன்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். 1899 இற் குத்தியிலே அகப்பட்ட சிலந்தியோடு, அம்மரம் எக்காட்டில் வெட்டியது என்ற ஒரு வரி சென்றிருந்தால், நூறாண்டுத் தேட்டம் வேண்டியிருந்திராது. அந்த ஒரு வரியை எழுதக்கூடியவர்கள் நம் பிள்ளைகளே.